மூன்றாம் ஓலை

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில் நான் வாத்தியாராக இருந்தேன். அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலுக்குக் குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியவர் உபதேசியார். ஒல்லியான மனிதர். அறிவிப்பு வாசிக்குமுன் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைப்பார்.

கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். தம் ஒரே மகளின் ஓலையை அவரே இரண்டு வாரம் வாசித்தார். மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவர் வழக்கம்போல் எழுந்து நின்றார்.

"செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அடுத்த சனிக்கிழமை அசன விருந்து, வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டு வாங்க." கையிலிருந்த தாளை மடித்தார். "என் மக கல்யாணம் நடக்காது. மூணாம் ஓலை கிடையாது."

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "இத நீங்களே சொல்லணுமா ஐயா?"

"நான் சொல்லலைன்னா ஊரு அவகிட்டல்லா வந்து கேக்கும், சார்வாள்."

அதன்பின் நான்கு வருஷம் அந்த ஊரில் இருந்தேன். எத்தனையோ பெண்களுக்கு அவர் ஓலை வாசித்தார். மகளின் பெயர் மறுபடி வரவே இல்லை. ஒருமுறைகூட அவர் குரல் தடுமாறாதது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.