போபோடியில் பார்த்த சென்னை வீடு

போன வருடம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை. புனேயில் கராடியிலிருந்து போபோடிக்கு நானும் என் கணவரும் வீடு வாங்கக் கிளம்பினோம். வீடு இருந்தது சென்னைப் புறநகரில். அதன் சொந்தக்காரர்கள் இருந்தது போபோடியில்.

வீடு என் பெற்றோருக்காக. அப்பாவுக்கு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். சென்னையில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில், மழைக்காலம் வந்தால் தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிடும். அதற்கு முந்தைய மழையில் அப்பாவைப் படகில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுததுதான் மிச்சம். புனேவுக்கு வந்துவிடுங்கள் என்றால், பழகின டாக்டரை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் கணவர் அடிக்கடி கேட்பார். இங்கிருந்துதான்.

சரி, மேடான இடமாகப் பார்த்து ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். சென்னையில் எந்தப் பகுதி எவ்வளவு உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மேப்பைக் கரைத்துக் குடித்தேன். அலைந்து திரிந்து அகப்பட்டது இந்த வீடு. தரைத்தளம், நல்ல மேடு, ஆஸ்பத்திரியும் ரொம்பத் தூரமில்லை. இதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் ஊரோடு போய்விடலாம் என்று கட்டியிருக்கிறார். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் புனேயிலேயே நிலைத்துவிட்டதால் போக மனம் வரவில்லை. விற்கவும் முடியாமல் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள்தான் முதன்முதலாகப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள்.

உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி வருமா அங்கிள்?"

"அதெல்லாம் கவலையே படாதீங்க. காலையில, சாயங்காலம், ரெண்டு வேளையும் ஃபுல் போர்ஸா வரும்!"

ரெண்டு வேளையும் வெள்ளமா என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழப் போனேன். என் கணவர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் கேட்பது குழாய்த் தண்ணீர் இல்லை, வெள்ளம் என்று விளக்கினார். "அரே, அதுவா! ஒரு சொட்டு உள்ள வராது. ஏக்தம் மேடு, அவ்ளோ உயரம்" என்றார் அங்கிள். பிறகு ஒவ்வொரு ஜன்னலையும் எப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தார் என்று சொல்லத் தொடங்கினார். அந்தப் பெருமையைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

டீ கொண்டுவந்த அவர் மனைவி, "யாரும்மா அங்க இருக்கப் போறது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தட்டைக் கீழே வைத்தவர், கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்த வீடு உங்களுக்கு வேணாம்மா. வீடு மேடுதான். வெளிய போற வழி பள்ளம். சப்வே ரொம்பிடுச்சுன்னா ஆட்டோவும் வராது, ஆம்புலன்ஸும் வராது. ஒரு மழைக்கு நாங்க அங்க மாட்டிக்கிட்டோம். அரிசி பருப்பு இருந்துச்சு, சாப்பிட்டுத் தூங்கினோம். உங்கப்பா அப்படி இருக்க முடியுமா?"

அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. "எவ்ளோ நாள் கழிச்சு ஒரு பார்ட்டி வந்திருக்கு..." என்று முனகினார்.

"வரட்டும். இவங்க அப்பாவுக்கு ஒரு தடவ தவறினா என்ன ஆவும்?"

அங்கிள் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் எழுந்துகொள்வதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தபோது போனோடு வந்தார். சென்னையில் வேறொரு பகுதியில் குடியேறிவிட்ட தன் பழைய சிநேகிதரைப் பிடித்து, எங்கள் எதிரிலேயே அதட்டினார்: "வீட்டக் கேக்கலப்பா. மழையில உங்க தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

இத்தனை மாதம் தேடிய எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை. தன் வீட்டை விற்க உட்கார்ந்தவர், அடுத்தவர் தெருவில் எங்களுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சிநேகிதர் தெருவிலேயே ஒரு சின்ன வீடு அமைந்தது. போபோடிக்காரர் வீட்டின் அழகில் பாதிகூட இல்லை. ஆனால் நவம்பரில் சென்னையை மழை புரட்டி எடுத்தபோது, டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாளில் ஆட்டோ வாசலுக்கே வந்தது. அப்பா போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பினார். அன்று சாயங்காலம் போபோடியிலிருந்து அங்கிளின் மனைவி போன் செய்தார். "அப்பா போயிட்டு வந்துட்டாராம்மா?"

உங்கள் வீடு என்ன ஆயிற்று என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். "அப்படியேதான் இருக்கு. வர்றவங்ககிட்ட எல்லாம் சப்வேய சொல்லிடறாரு உங்க அங்கிள்" என்று சிரித்தார்.

டயாலிசிஸ்காரருக்கு ஒரு காபிக்கு மேல் கூடாது. என் அப்பா தினமும் இரண்டாவது காபிக்கு அம்மாவிடம் சண்டை போடுகிறார். போனில் அந்தச் சண்டை காதில் விழும்போதெல்லாம், அது எங்கள் வீட்டில் இன்னும் கேட்பதற்காகத் தங்கள் வீட்டை விற்காமல் விட்ட அந்த இருவரையும் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.