கணப்பில் காய வைத்த படம்

என் வலது கைக் கட்டைவிரல் நகத்துக்குள் இன்னும் மஞ்சள் இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாயிற்று. எலுமிச்சங்காய் தேய்த்தாயிற்று. போகவில்லை. "டீச்சர், வீட்ல மஞ்ச அரைச்சீங்களா?" என்று வகுப்புப் பிள்ளைகள் கேட்கின்றன. ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எங்கள் ஊர் கந்தப்பளை முழுக்கச் சிரிக்கும்.

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்காது.

பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். வரன் வந்தால் முதல் கேள்வி... மாப்பிள்ளை என்ன வேலை? என் மகள் கமலாவுக்கு இந்த வரனைக் கொண்டுவந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்கு. மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவரே இந்தக் கேள்விக்கு மென்று விழுங்கினார்.

"கொழும்புல படம் விக்கிறாருங்க."

"சாமிப் படமா?"

"இல்லீங்க..."

"கலண்டரா?"

"அதெல்லாம் இல்லீங்க டீச்சர். மாடர்ன் ஆர்ட்டாம். என்னான்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது."

கேட்காமல் இருப்பேனா? விசாரித்தேன். பையன் பெயர் செல்வராஜ். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாச் சமையல்காரரின் மகன். துரைமார் சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போடுவார்கள் அல்லவா? நாமெல்லாம் அலுமாரிக்கும் கோப்பைக்கும் அடித்துக்கொண்டபோது, இந்த ஆள் படம் வாங்கினாராம். மானும் மலையும் உள்ள நல்ல படங்களையா? இல்லை. தலைகால் புரியாதவற்றை மட்டும். அப்படித் தொடங்கி, இப்போது கொழும்பில் ஒரு சந்துக்குள் கடை. நம் நாட்டு ஓவியர்களிடமிருந்து புதுமாதிரிப் படங்களை எடுத்துவந்து விற்றுக் கொடுக்கிறார். வாங்குகிறவர்கள் டாக்டர்மார், வக்கீல்மார், வெளிநாட்டுக்காரர்கள்.

இதை வைத்து ஒரு குடும்பம் சோறு தின்ன முடியுமா? அல்லது படம் என்பது வெளிப்பேச்சு, உள்ளே வேறு ஏதாவதா?

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் டீமேக்கர். அவருக்குச் சந்தேகமே வராது. "நம்ம தேயிலைய கொழும்புல ஒருத்தன் வாயில ஊத்தித் துப்பிட்டு ஒரு சொல்லு சொல்றான். அதுதான் வெலை. அதுக்குத் தலையாட்டுறோம்ல?" என்றார்.

"தேயிலையக் குடிக்கலாம். இத வச்சு என்ன செய்யுறது?"

சட்டையை மாட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு செல்வராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தார். (மோசடிக்காரர்கள் வேறு எப்படி இருப்பார்களாம்?) கையில் சாக்கில் சுற்றிய ஒரு பெரிய பலகை. பிரித்தால்... மஞ்சள். அதன் குறுக்கே கறுப்புக் கறுப்பாகக் கட்டைகள். சாயத்தைப் பூசியிருக்கவில்லை, சுவருக்குச் சாந்து அப்புவதுபோல் அப்பியிருந்தது.

"காலையில பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"கவ்வாத்து வெட்டுன தேயிலை மலைங்க. வெட்டுனவன் சரியா வெட்டல" என்றார் கண்டாக்கு.

"இது என்னங்க தம்பி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு என்னாங்கம்மா தெரியுது?"

கேள்விக்குக் கேள்வி! இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறேன். கேள்விக்குக் கேள்வி போடுகிறவன் வீட்டுப்பாடம் செய்யாதவன்.

அவரே சுவரில் ஆணி அடித்து மாட்டினார். "ஒரு வாரம் இருக்கட்டும். என் தொழில் என்னன்னு கேட்டீங்க. இதுதாங்க. படத்தக் கொண்டுபோய் வீட்ல மாட்டிட்டு வந்துருவேன். ஒரு வாரம் கழிச்சுப் போவேன். புடிச்சா வச்சுக்குவாங்க. புடிக்கலன்னா எடுத்துட்டு வந்துருவேன்."

"முன்பணம்?"

"இல்லீங்க."

முன்பணம் வாங்காமல் பொருளை விட்டுப் போகிற வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் படத்தை வரைந்தவர் கொழும்புக் கடற்கரைப் பக்கம் வசிக்கும் ஒரு முதியவராம். வரைந்து மூன்று வருஷமாம். அதையும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மழை, மூடுபனி. வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் படத்தின் முன்னால் நின்று சண்டை போட்டார்கள். கமலா மட்டும் அதில் சேரவில்லை. தலை வாரும்போதெல்லாம் அதன் முன்னால் போய் நின்றாள். அது எனக்கு இன்னொரு சந்தேகம்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்து, படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளே போனது! முகர்ந்தேன். புதுச் சாய வாசம்.

மூன்று வருஷத்துப் படமா இது?

எங்கள் ஊரில் எதுவும் தானாகக் காயாது. உப்பு அழும். நெருப்புக்குச்சி பற்றாது. துணி, பள்ளிக்கூடக் கொப்பி, செருப்பு எல்லாமே கணப்பின் முன்னால்தான் காய வேண்டும். படத்தையும் கொண்டுபோய் அங்கே சாய்த்து வைத்தேன். பழசாக இருந்தால் ஒன்றும் ஆகாது. புதுசாக இருந்தால் தெரிந்துவிடும். கறி தாளித்துவிட்டு வந்து பார்த்தால்... மஞ்சள் கொப்புளித்து, இறங்கி, கறுப்பின் மேல் வழிந்து கிடக்கிறது.

பொய் சொல்லமாட்டேன். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பிடித்துவிட்டேன்! கமலா தப்பித்தாள்!

கமலா வந்து பார்த்தாள். அழவில்லை. "அது கெட்டுப்போச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் படத்தைக் கணப்பை விட்டு இழுத்தேன்.

"கருக்கிட்டியேடி" என்றார் வீட்டுக்காரர். "இது என்ன தூள் காய வைக்கிற எங்க ஃபயரிங் ரூமா?"

ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வந்தார். படத்தைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கணப்புக்கிட்ட வச்சீங்களாம்மா?"

"வச்சேன். பழைய படம்னா ஏன் உருகுது? நீங்களே போன மாசம் வரைஞ்சதுதானே?"

"எனக்கு ஒரு கோடுகூட நேரா இழுக்க வராதுங்க." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இது எண்ணெய்ச் சாயம்மா. இவ்வளவு தடியா அப்புனா, மேல தோலு கட்டிரும். உள்ள காய வருஷக்கணக்காகும். விரல வச்சா அமுங்கும். சூடு பட்டா வழிஞ்சுரும்."

என் மஞ்சள் விரலை முந்தானைக்குள் மறைத்தேன்.

"குத்தம் என்னோடதுங்க. நானும் இந்தக் குளிர்ல வளந்தவன். ஈரமா இருந்தா நாம அடுப்புகிட்டதான் கொண்டுபோவோம்னு எனக்குத் தெரியாதா? சொல்லிட்டுப் போயிருக்கணும். வரைஞ்ச பெரியவருகிட்ட நான்தான் பதில் சொல்லணும். கடை தொறந்தப்ப நம்பி முதல்ல படம் குடுத்தவரு அவருதான். அவரு பேரச் சொல்லித்தான் மத்தவங்களும் குடுத்தாங்க."

வாழ்நாளில் ஒரு கைப்பிடித் தூளைக்கூட ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராத என் வீட்டுக்காரர், அப்போது தொண்டையைச் செருமினார்.

"தம்பி... ரயில்ல மழத்தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்களேன். அட்டன் பக்கம் அடிக்கிற மழைய யாரு போய்ப் பாக்கப் போறா?"

வாரம் முழுக்க நான் தவறான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

செல்வராஜ் இல்லை என்று தலையாட்டினார். "வேணாம்ங்க. படம் வாங்குறவங்களுக்குப் படத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. உண்மையாவே அவரு வரைஞ்சதா, எப்ப வரைஞ்சது, ஒண்ணும் தெரியாது. நான் சொல்றத நம்பித்தான் வாங்குறாங்க. என் கடையில இருக்கறது அது ஒண்ணுதான். அவருகிட்ட ஒரு பொய் சொன்னா, மத்தவங்ககிட்ட எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு உண்மையச் சொல்றது?"

"அவரு இனிமே படம் தரமாட்டேன்னுட்டா?"

"கடையச் சாத்த வேண்டியதுதான்."

தேத்தண்ணீர்த் தட்டோடு கமலா வந்து நின்றாள். பெண் பார்க்க வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"யாரு கெடுத்ததுன்னு சொல்வீங்க?"

செல்வராஜ் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல்தடவையாக அந்த முகத்தில் கொஞ்சம் சிரிப்பு.

"அது அம்மா கையிலதான் இருக்கு. கந்தப்பளையில ஒரு டீச்சரம்மான்னு சொல்லட்டுங்களா? இல்ல... எங்க அத்தைன்னு சொல்லட்டுங்களா?"

கேள்விக்கு மறுபடியும் ஒரு கேள்வி!

கமலாவைப் பார்த்தேன். தட்டை அவர் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தைன்னே சொல்லுங்க" என்றேன். "அடுத்த வாரம் நானும் வர்றேன். அந்தப் பெரியவர்கிட்ட நானே நேர்ல சொல்றேன்."

கொழும்பு போக இன்னும் நாலு நாள் இருக்கிறது. அந்தப் பெரியவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. படத்தை அவர் எடுத்துப் போய்விட்டார், சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் என் கண் அங்கேதான் போகிறது. அது ஆட்களா, கவ்வாத்து வெட்டிய செடிகளா என்று இப்போதுதான் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சரி, மாப்பிள்ளை மேல் இருந்த சந்தேகம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

மேலே காய்ந்துவிட்டது. உள்ளே காய வருஷக்கணக்காகும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே!