பஸ் வந்துச்சா, இல்லியா?

நான் ஒரு காலத்தில் பாப் பாடகன். கள்ளக்குறிச்சியில் அந்த வேலையைப் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்பதால் போட்டி கிடையாது. தேவையும் கிடையாது என்று என்னைப் பெற்ற அத்தா சொல்வார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர்வலம், மறியல் என்று ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஊரே தன் பங்கைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டதெல்லாம் எங்கள் கடைக்கு எதிரில் இருந்த கேசட் கடைப் பலகையில் ஓர் இடம். ஜனங்கள் காலி கேசட்டைக் கொண்டுவந்து தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போவார்கள். அந்த வாரம் அதிகம் பேர் கேட்ட பத்துப் பாட்டுகளைக் கடைக்காரர் வரிசைப்படுத்தி வாசல் கரும்பலகையில் எழுதுவார். எங்கள் ஊர் மட்டில் அதற்குமேல் அப்பீல் இல்லை.

அத்தாவுக்குக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, தேன் வியாபாரம். பாட்டு கேட்கிற பழக்கம் இல்லாவிட்டாலும் பலகையை மட்டும் தவறாமல் படிப்பார். "அந்தக் காதல் பாட்டு எறங்கிடுச்சி போலக்கீது" என்பார், கடுக்காய் விலையைச் சொல்கிற அதே குரலில். அந்தப் பலகையை வைத்துத்தான் எனக்குக் கெடுவும் கொடுத்தார்.

"புளி எறங்குறதுக்குள்ள உம் பாட்டு மொத எடத்துக்கு வரட்டும், நீ பாடிக்கினு இரு. வர்லன்னா கடையில வந்து ஒக்காரு."

வெளிநாட்டுப் பாடகர்கள் முதலில் ஒரே ஒரு பாட்டை வெளியிட்டு, அது ஓடினால்தான் மற்றவற்றை விடுவார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். நானும் மெட்ராஸ் போய் ஆறு பாட்டு பதிவு செய்து, அதில் சிறந்த ஒன்றை மட்டும் கேசட்டில் ஏற்றி விற்பனைக்கு வைத்தேன். சங்கராபுரம் பஸ்ஸுக்காக ஒரு பெண்ணும் பையனும் காத்திருக்கிற பாட்டு. மறுநாளே கேசட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன.

"ஒரு பாட்டுதான் வருது. அப்பால வெறும் இரைச்சல். கேசட்டு ரிப்பேருங்க."

அவ்வளவுதான் பாட்டு என்று நான் விளக்கினேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீதி டேப்பு இன்னாத்துக்கு வச்சிக்கீறீங்க?" என்று கேட்டார்.

கடைக்காரர்தான் வழி சொன்னார். கேட்ட பாட்டையெல்லாம் பதிந்த பிறகு எல்லாக் கேசட்டிலும் கடைசியில் கொஞ்சம் டேப் மிஞ்சும். அதைச் சும்மா விட்டால் டேப் வீணாகிறது என்று வாடிக்கையாளர்கள் சத்தம் போடுவார்கள். "அந்த எடத்துல உம் பாட்ட ரொப்புறேன் தம்பி. ஊரு பூரா போயிடும்" என்றார். ஊர் பூராவும் போனது, ஆனால் பாதிதான் போனது. என் பாட்டு கொஞ்சம் நீளம். பஸ் வரவில்லை, மழை தூற ஆரம்பிக்கிறது, பையன் குடையை நீட்டுகிறான், 'வருமா வராதா' என்று நான் குரலை உயர்த்துகிறேன், அநேகமாக அங்கேதான் டேப் தீர்ந்து பட்டென்று நின்றுவிடும்.

டீக்கடை, பள்ளிவாசல், மார்க்கெட் கமிட்டி என்று எங்கே போனாலும் ஒரே கேள்வி.

"தம்பி, பஸ்ஸு வந்துச்சா, இல்லியா?"

"முழுசா பதிஞ்சி கேளுங்க" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். வேறு வழியில்லாமல் ஜனங்கள் கடைக்குப் போய் முழுப்பாட்டையும் கேட்டார்கள். பலகையின் அடியில் என் பாட்டு ஏறியது, பிறகு பாதிக்கு மேலே வந்தது. கடைசிச் சரணத்தில் பஸ் வந்துவிடும். கண்டக்டர் இறங்கி, வாழ்க்கை ஒரு பயணம், ஆசை ஒரு சில்லறை என்று தத்துவம் பாடுவார். அதை எழுதிய அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முழுசாகக் கேட்டவர்கள் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கம் என்று இப்போது புரிகிறது. அவர்கள் சொல்லாததால் மற்றவர்கள் தொடர்ந்து போய் ஏமாந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மறியல் வந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் மெட்ராஸ் ரோட்டில் வெட்டிப்போட்ட மரங்கள் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, மெட்ராஸிலிருந்து புதுக் கேசட் எதுவும் வரவில்லை. வராத பஸ்ஸைப் பற்றிய பாட்டு ஒன்றுதான் ஊரில் புதுசு. அந்த வாரம் பலகையில் முதல் இடம் எனக்கு! அத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"வரத்து நின்னுபோச்சு, வெல ஏறிப்போச்சு. இதெல்லாம் ஒரு வெலயா? ரோடு தொறக்கட்டும், அப்பால பேசலாம்."

ரோடு திறந்தது. வந்த முதல் பஸ்ஸிலேயே புதுப்படக் கேசட்டுகள் கட்டுக்கட்டாக இறங்கின. அடுத்த பலகையில் பத்தாவது இடத்தில்கூட நான் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் மனசுக்குள் திட்டினேன், கடைக்காரரை மட்டும் இரண்டு தடவை.

புளி இறங்கும் காலம் வந்ததும் யாரும் சொல்லாமலே கடையில் போய் உட்கார்ந்தேன். அத்தா என்னைச் சரக்கு எடுக்கக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே அன்று ஒரு கல்யாணம். ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டுகள் ஓடி முடிந்து, டேப்பின் கடைசியில் என் குரல் வந்தது. மழை தூறியது, குடை நீண்டது, வருமா வராதா, பட்டென்று நின்றது. நான் புளி மூட்டைக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் மெஷினைச் சட்டை செய்யாமல் அதே மெட்டில் தொடர்ந்தார்கள். பஸ் வரவேயில்லை. பையனும் பெண்ணும் ஒரே குடையில் மலையேறி நடந்தே போகிறார்கள். வழியில் பலாப்பழம் உடைத்துத் தின்கிறார்கள். பால் பிசுக்கு ஒட்டிய கையை யார் கழுவிவிடுவது என்று சண்டை போடுகிறார்கள். அதற்குள் நடந்து ஊருக்கே வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

என் பாட்டில் கை வைக்க இவர்கள் யார் என்றுதான் முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் பார்த்தால் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது.

"யாரு பாட்டுங்க இது?" என்று அத்தா பெண் வீட்டுக்காரர் ஒருவரைக் கேட்டார்.

"எங்க ஊரு பாட்டுங்க. முன்னாடி மிஷின்ல வர்ற கொஞ்சத்த மட்டும் யாரோ பாடிக்கீறான்."

அத்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்னொரு தடவை பாடச்சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். புளி மூட்டைகளோடு லாரி மலையிறங்கிக் கொண்டிருந்தபோது பேச்செடுத்தார்.

"இவங்க ஒண்ணும் கேட்டு வாங்கல. சும்மா ஒட்டிக்கினு வந்த சரக்கு. வேணாம்னா அழிச்சிட்டிருப்பாங்க, எடுத்து வச்சிக்கினு ஆடுறாங்க. நாளைக்கு நீ கடைக்கு வராத, போயி பாடு."

"சரிங்கத்தா" என்று சொன்னேன்.

"முடிவ மட்டும் நீ எழுதாத."