என்ன பால் கொடுத்தீர்கள்?

கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் மூன்று சொற்கள். மதாம் நோ மோர். ஆய்வுக் குழுவுக்கு ஜீப் ஓட்டிய அந்தோணி அண்ணன் அனுப்பியது. நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அரியாங்குப்பம் பாலம். நடுவில் இறங்க முடியாது.

இந்த இரங்கல் கூட்டத்தில் இருக்கும் நாம் எல்லோரும் டாக்டர் செலினைப் புதுச்சேரி வழக்கப்படி மதாம் என்றே அழைத்தோம். பிட்யூட்டரி சுரப்பி நோய்களுக்கான மருத்துவர். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி அது. பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போனால் அந்தச் சுரப்பி செத்துவிடுவதுண்டு. அதன் பிறகு பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது. சோர்வும் குளிரும் மிஞ்சும். நோய் என்று தெரியாமலே அப்படி வாழும் பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆய்வு. எம்.ஏ. முடித்துச் சும்மா இருந்த நான், பதில்களைத் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன்.

முதல் வாரம் தவளக்குப்பம். 'பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் சுரந்ததா?' மதாமே எழுதிய கேள்வி. மாமியார்கள் பக்கத்தில் நின்றார்கள். எல்லாப் பெண்களும் ஆம் என்றார்கள். திரும்பும்போது மதாம் எரிச்சலில் இருந்தார். எல்லாரும் பால் கொடுத்தவர்கள் என்றால் தன்னிடம் வரும் நோயாளிகள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டார். அந்தோணி அண்ணன் பாவம், கடலூர் என்றார்.

மறுநாள் ஒரு பெண், நல்லாவே பால் வந்தது என்றாள். நாங்கள் எழுந்தபோது மகனைக் காட்டினாள்.

"ஆட்டுப்பால் குடிச்சி வளந்தது மதாம். அதான் இந்தத் துள்ளு துள்ளுது."

மதாம் சிரித்தார். சிரித்தபடியே மறுபடி உட்கார்ந்தார். எங்கள் ஆய்வின் முதல் நோயாளி அந்தப் பெண்தான்.

அன்றே கேள்வி மாறியது. பிள்ளைக்கு என்ன பால் கொடுத்தீர்கள்? மாட்டுப்பால், ஆட்டுப்பால், பக்கத்து வீட்டுக்காரியின் பால். பெண்கள் பேசத் தொடங்கினார்கள். "அவங்க பொய் சொல்லல. நான்தான் வெக்கப்பட வச்சிட்டேன்" என்றார் மதாம்.

டப்பா பால் என்று தட்டச்சு செய்தபோது என் கை நின்றது. என் அத்தை என்னை டப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் பிறந்தபோது அம்மா பிழைத்ததே பெரிது என்பார்கள். அதே வாயால் அம்மாவைச் சோம்பேறி என்பார்கள். அம்மா பகலெல்லாம் படுத்திருப்பாள். சித்திரையிலும் போர்த்திக்கொண்டு.

மதாமிடம் சொன்னேன். மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு அவரே வந்தார். அம்மாவின் கையைப் பிடித்தபடி, என்னைக் காட்டி, அதே கேள்வியைக் கேட்டார். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். சுரப்பி இருந்த இடம் ஏறக்குறைய காலி. முதலில் ஸ்டீராய்டு, சில நாள் கழித்தே தைராய்டு மாத்திரை. "மாத்தி ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து. படிச்ச பொண்ணு, உன்னத்தான் சொல்றேன்" என்று என்னை மிரட்டினார்.

இரண்டு மாதத்தில் அம்மா தனியாக மார்க்கெட் போய்வந்தாள். அடுத்த முறை மருத்துவமனையில் மதாமிடம் கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லியா?"

"இல்லம்மா. நோய்."

"இவ பொறந்ததுலேர்ந்து சொல்றாங்களே. அதுக்கு இன்னா மாத்திர?"

மதாம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இல்லம்மா."

வெளியே வரிசை நீண்டிருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். மதாம் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து, அம்மா அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார்.

அவருடைய ஆய்வைப் பற்றி நீங்கள் பேசுவீர்கள். பேச வேண்டும். ஆனால் மதாம் இறந்த செய்தியை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது இது:

"கடைசில அவங்க பக்கத்துல யாருனா இருந்தாங்களா?"

அந்தோணி அண்ணனைக் கேட்டேன். இல்லை என்றார். தூக்கத்தில், தனியாக.

அதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அவள் பக்கத்திலேயே இருந்தேன். மதாமிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.