எழுத்தாளர் அரிசியை ஏன் கழுவினார்?

நர்ஸ் பதிவுக்கான ஆங்கிலத் தேர்வில் கேட்பது, பேசுவது, எழுதுவது மூன்றும் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. வாசிப்புதான் காலை வாரிவிடும். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் வாசிப்பில் மட்டும் மதிப்பெண் குறைந்தது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஆஸ்திரேலியாவில் மெல்பனுக்கு வந்தபின் கிரான்பர்ன் என்ற புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டலாம், சோறூட்டலாம், தலைவாரி விடலாம். ஆனால் வலியில் முனகும் ஒருவருக்கு ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்க முடியாது. அதற்கு இந்த நாட்டில் நர்ஸ் என்று பதிவு செய்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் முடித்தாகிவிட்டது. இந்த வாசிப்பு ஒன்றுதான் குறுக்கே நின்றது.

வாசிப்பிலும் எல்லாக் கேள்விகளும் என்னைப் படுத்தவில்லை. ஒரே ஒரு ரகம்தான். ‘எழுத்தாளர் இந்த எடுத்துக்காட்டை எதற்காகக் குறிப்பிடுகிறார்?’ கீழே நான்கு விடைகள் இருக்கும். நான் மிகுந்த நம்பிக்கையோடு தப்பானதைத் தேர்ந்தெடுப்பேன்.

நான் படித்த படிப்பு அப்படி. ‘தக்க எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்று வினாத்தாளில் வந்தால், விளக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எடுத்துக்காட்டு இருந்தால் மதிப்பெண் விழும். அதனால் பாடத்தில் எடுத்துக்காட்டு வந்த இடத்துக்கெல்லாம் கோடு போட்டு உருப்போட்டு வளர்ந்தேன். என்னைப் பொறுத்தவரை எடுத்துக்காட்டுதான் கறித்துண்டு, மற்றதெல்லாம் குழம்பு. போதாக்குறைக்கு என் கோபம் வேறு. எடுத்துக்காட்டில் எனக்குத் தெரிந்த விஷயம் ஏதாவது வந்துவிட்டால் போச்சு, எழுத்தாளரோடு சண்டைக்குப் போய்விடுவேன்.

பயிற்சிப் புத்தகத்தில் மனிதர்களின் பழக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. நடுவில் அந்த எழுத்தாளர் அரிசியை இழுத்திருந்தார். அந்தக் காலத்தில் அரிசியில் கல்லும் தவிடும் இருந்ததால் கழுவினார்களாம். இப்போது பாக்கெட்டில் சுத்தமாக வந்தாலும் மக்கள் இன்னும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓரத்தில் பென்சிலால் ‘தப்பு’ என்று எழுதிவிட்டு, ‘அரிசி சமைக்கும் முறையை விவரிப்பதற்காக’ என்ற விடைக்கு வட்டம் போட்டேன்.

என்னோடு சேர்ந்து படித்தவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தோழி. அவளும் நர்ஸ், அதே இல்லத்தில் அதே பராமரிப்பு வேலை, அதே தேர்வு. என்னைவிடச் சின்னவள். அவளுக்கு எழுதுவதில் தகராறு, எனக்கு வாசிப்பில். எனவே ஒருவருக்கொருவர் ஒத்தாசை.

“அரிசியை விடுங்கோ அக்கா. அவர் பழக்கத்தைப் பற்றியெல்லோ கதைக்கிறார்” என்றாள்.

“எதுக்கு விடணும்? பாக்கெட் அரிசின்னா அப்படியே உலையில கொட்டிடறதா? இவர் வீட்ல யாரு சமைக்கிறா?”

“அவர் பிழையாச் சொன்னா உங்களுக்கு என்ன? உங்களிட்டச் சோறு கேட்டவரோ?”

சிரித்தேன். ஆனால் புரியவில்லை. காரணம் போனாலும் பழக்கம் போகாது என்பதற்காகத்தான் அவர் அரிசியைச் சொன்னார் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் தலையை ஆட்டிக்கொண்டே மனதுக்குள் அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தின ஞாயிறு த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். நானும் கணவரும் தோழியும். சாமி கும்பிட்டு முடித்து, தட்டில் தயிர்சாதத்தோடு வெளியே வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நின்றோம். சேலத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தம்பதி எங்களோடு பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் வாடியிருந்தது.

“டிரைவிங் டெஸ்ட் ஃபெயில் ஆயிட்டேங்க. மானமே போச்சு. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்” என்றாள்.

என் கணவர் உற்சாகமாகிவிட்டார். “இதுக்கெல்லாம் மானம் போகுமா? இவளையே எடுத்துக்கங்க. முதல் டெஸ்ட்ல ரவுண்டபவுட், அதான் நம்ம ரவுண்டானா, அதுக்குப் போனவ அப்படியே நின்னுட்டா. ஒரு வண்டியும் வரல. பின்னாடி ஹாரன் அடிக்கிறான், இவ நகரல. ஃபெயில்! அடுத்த தடவை போனா, பாஸ். இன்னைக்கு எங்களைக் கூட்டிட்டு வந்ததே இவதான்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “ஒரு வண்டியும் வரலையா? வெள்ளை வேன் வந்துச்சு! ஹாரனும் யாரும் அடிக்கல. நீங்க பாத்தீங்களா? நீங்க அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தீங்க!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோழி என் முழங்கையைப் பிடித்தாள்.

“அக்கா, வேன் வந்தா என்ன, வராட்டி என்ன? அவர் உங்கட கதையைச் சொல்ல வரேல்லை. அந்தப் பிள்ளையைத் திரும்பவும் போகச் சொல்லுறார். நீங்கள் உதாரணம் அக்கா, வெறும் உதாரணம்!”

சேலத்துப் பெண்ணைப் பார்த்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. “அப்ப அடுத்த டெஸ்டுக்கு உடனே புக் பண்ணலாமாண்ணா?” என்று என் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரவுண்டபவுட் எந்த ஊரில் என்றுகூடக் கேட்கவில்லை. கணவர் விவரத்தில் சொதப்பியிருந்தார், ஆனாலும் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது.

அட! இவ்வளவுதானா?

தட்டைக் கணவர் கையில் திணித்துவிட்டுக் காருக்கு ஓடினேன். சேலை காலைத் தடுக்கியது, அதைப் பற்றியெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்? பின்சீட்டில் கிடந்த பயிற்சிப் புத்தகத்தை எடுத்து பானெட்டின் மேல் விரித்தேன். தோழி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். அரிசிப் பக்கத்தில் நான் எழுதிய ‘தப்பு’ இன்னும் இருந்தது. அரிசிக்கு முந்தின வரியைப் படித்தேன். பிந்தின வரியைப் படித்தேன். இரண்டிலும் பழக்கம், பழக்கம் என்றே இருந்தது! சேலத்துப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்த விஷயம் மாதிரி, இங்கே சொல்ல வந்தது அந்த இரண்டு வரிகளில்தான் இருந்தது. அரிசி நான், வெறும் உதாரணம். அடுத்த கட்டுரைக்குப் போனேன், சரி. அதற்கடுத்தது, அதுவும் சரி. “ஓம் அக்கா, ஓம்!” என்று தோழி ஒவ்வொன்றுக்கும் என் தோளில் குத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நாள் எத்தனை பேரோடு வீண் சண்டை போட்டிருக்கிறேன்!

அந்த வாரம் முழுவதும் பித்துப் பிடித்தவள் மாதிரி அலைந்தேன். யார் எந்தக் கதை சொன்னாலும் ‘இதை எதற்குச் சொல்கிறார்?’ என்றுதான் காது கேட்டது. இல்லத்தின் மேலாளர் கூட்டத்தில் தன் நாய்க்குட்டி செருப்பைக் கடித்த கதையைச் சொன்னபோது, அடுத்து வரப்போவது நாங்கள் சீருடையோடு சரியான ஷூ போடாததைப் பற்றிய புகார் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டேன். என் கணவர், “உன்கிட்ட ஒரு கதை நிம்மதியா சொல்ல முடியல” என்று அலுத்துக்கொண்டார்.

தேர்வன்று விதி என்னோடு விளையாடியது. மனித ஞாபகத்தைப் பற்றி ஒரு கட்டுரை. அதில் ஒரு நர்ஸ், மருந்தின் அளவை மறந்துவிடுவோமோ என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறாராம். உள்ளங்கையில்! கையைக் கழுவினால் போய்விடாதா? எந்த நர்ஸ் இப்படிச் செய்வாள்? பழைய சூடு குபுகுபுவென்று ஏறியது. முதல் விடையே ‘செவிலியரின் கவனக்குறைவைச் சுட்டிக்காட்ட’ என்று என்னைச் சீண்டியது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். சரியம்மா, நீ எழுதிக்கொள், உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. முந்தின வரி, பிந்தின வரி. நினைவைவிடக் கண்ணெதிரே இருப்பதை மனிதர்கள் அதிகம் நம்புகிறார்கள் என்பதுதான் எழுத்தாளர் சொல்ல வந்தது. அந்த விடையைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

முடிவு மின்னஞ்சலில் வந்தபோது இல்லத்தின் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பில் தேவைக்கு மேலேயே மதிப்பெண். கத்திவிட்டேன். என்ன ஆபத்தோ என்று தோழி ஓடிவந்தாள். அவளுக்கும் முடிவு வந்திருந்தது, எழுத்தில் தேறியிருந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் தேநீர் முழுவதும் தரையில்.

பதிவு கைக்கு வந்து, அதே இல்லத்தில் நர்ஸாக நின்ற முதல் மாலை. ஒரு அறையிலிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தார். தன் அம்மாவுக்கு வலி தாங்கவில்லை, நர்ஸ் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழக்க தோஷத்தில் நான் திரும்பி நர்ஸைத் தேடினேன். நடைபாதையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

“நான்தான்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மருந்துக் குறிப்பைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, மாத்திரையை என் கையாலேயே அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. விழுங்கி முடித்தவர் அதைக் கவனித்துவிட்டு, “உனக்கும் வலிக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை, சந்தோஷம்” என்றேன்.