ஐந்தருவிப் போர்வையும் அதன் அசல் சொந்தக்காரரும்

தையல்காரன் கடை வாசலில் புதுமாதிரி ஒன்று தொங்கினால், அதை முதலில் வந்து தடவிப் பார்ப்பவர் வாடிக்கையாளர் அல்ல, எதிர்க்கடைக்காரர்தான். தொழில் எதுவானாலும் உங்களுக்கும் ஓர் எதிர்க்கடைக்காரர் இருப்பார். நீங்கள் அல்வா கிண்டுகிறவராக இருக்கலாம், பந்தல் போடுகிறவராக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவராகக்கூட இருக்கலாம். மூளையைக் கசக்கி நீங்கள் ஒன்றைச் செய்திருப்பீர்கள். அடுத்த வாரமே அவரும் அதையே செய்துவிட்டு, உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். அப்படி வயிறு எரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசிக் கடைத்தெருவில் ஒற்றை மிஷினைப் போட்டு உட்கார்ந்தவன் நான். என் பெயர் சுடலைமுத்து என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கோவிலுக்குப் போற வழியில பட்டன் தைப்பாருல்லா, அவரு' என்றால் தெரியும். கோட்டும் தைத்திருக்கிறேன், கல்யாண ஜிப்பாவும் தைத்திருக்கிறேன். இருந்தும் பட்டன் தைக்கிறவன்தான். ஒரு பொருளைக் காட்டி, 'இது சுடலைமுத்து போட்ட டிசைன்' என்று ஊர் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அந்த ஆசை பட்ட பாட்டைக் கேளுங்கள்.

போர்வை பிறந்தது

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் மதுரை, மெட்ராஸ் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். எல்லாரும் மல் வேட்டியும் மெல்லிசுச் சேலையுமாகத்தான் வருவார்கள். ஒரு போர்வை எடுத்து வைப்போம் என்று ஒருவருக்கும் தோன்றாது. என் கடையிலோ வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. துண்டுகளை ஒட்டி மேலே ஒரு விரிப்பு, நடுவில் பழைய சேலை, அடியில் பழைய வேட்டி, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக ஒரு தையல். ஒட்டுப்போர்வை என்பது அவ்வளவுதான். அது எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் சதுரம் சதுரமாக ஒட்டிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை. கருநீலத் துண்டுகளை மலையாக்கினேன். வெள்ளைத் துண்டுகளை நெட்டுக்கு இறக்கி, ஐந்தருவி விழுகிற மாதிரியே ஒரு போர்வை தைத்தேன். நாலாவது அருவி பாதியில் நிற்கும்போது வெள்ளைத் துணி தீர்ந்துபோயிற்று. கைக்கு அகப்பட்ட பச்சைத் துண்டை வைத்து ஒப்பேற்றினேன். எவன் உற்றுப் பார்க்கப் போகிறான் என்ற தைரியம்தான்.

வாசலில் தொங்கவிட்டதும் முதலில் நின்றவர் அச்சன்புதூரிலிருந்து உரம் வாங்க வந்த சம்சாரி ஒருவர். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்:

"அருவியில குளிச்சு நடுங்கிட்டு வாரவனுக்கு இன்னொரு அருவியையா போர்த்தி விடப் போறீரு?"

துணி யாருடையது?

இலஞ்சியிலிருந்து ஓர் அம்மாள் வருவார். பள்ளிக்கூட வாத்தியார் சம்சாரம். கண் கழுகுக் கண். போர்வையைப் பார்த்தவர், மலையுச்சியில் இருந்த ஒரு நீலத் துண்டில் விரலை வைத்தார். "இது என் ரவிக்கைத் துணில்லா?" என்றார். தைத்தது போக மிஞ்சுகிற துண்டு தையல்காரனுக்கு என்பது ஊரறிந்த வழக்கம். வெட்டும்போது யாரும் கேட்பதில்லை. கேட்டால் கொடுக்காமலும் இருந்ததில்லை. ஆனால் அது வேறொரு பொருளாகி வாசலில் தொங்கும்போதுதான் எல்லாருக்கும் பாசம் பொத்துக்கொண்டு வரும்.

துணி பெரிதல்ல, அதை வைத்து நான் போட்டிருக்கிற டிசைன்தான் பெரிது என்று எடுத்துச் சொன்னேன். மலையைக் காட்டினேன், அருவியைக் காட்டினேன், நுரை தெறிக்கிற இடத்தைக்கூடக் காட்டினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க நின்ற இரண்டு பெண்கள் தங்கள் துணியும் அதில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மாள் சொன்னது:

"டிசைன் உங்களதா இருக்கட்டும் அண்ணாச்சி. துணி எனக்குள்ளதுல்லா?"

இஸ்திரிப் பெட்டி இரவல்

எதிர்க்கடை மாசானம் என் வயதுக்காரன். நல்ல தையல்காரன் என்று சொல்ல மாட்டேன், வேகமான தையல்காரன். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியை இரவல் கேட்டு வந்தான். அவன் கடையில் அவனுடைய பெட்டி புகைந்துகொண்டிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பெட்டியை எடுக்க வந்தவன் போர்வைப் பக்கத்திலேயே நின்றான். சாணளவு வைத்துப் பார்த்தான். கேட்டால், "கையில சுளுக்குவே, நீட்டிப் பாக்கேன்" என்றான்.

அடுத்த வாரம் அவன் வாசலில் ஐந்தருவி விழுந்தது. அதே மலை, அதே நுரை. அதைவிடக் கொடுமை, நாலாவது அருவியின் பாதியில் அதே பச்சைத் துண்டு! துணி போதாமல் நான் வைத்த ஒட்டுத்துண்டை, இவன் முழுப் பீஸிலிருந்து புதுத்துணி வெட்டி அதே இடத்தில் வைத்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று தெருவைத் தாண்டி ஓடினேன். "அருவியை நீரா மலையில இருந்து இறக்கினீரு? ஆண்டவன் போட்ட டிசைன்வே அது" என்றான். சரி, அருவி ஆண்டவனுடையது. பச்சை? அதையும் ஆண்டவனா ஒட்டுப்போட்டான் என்று கேட்டேன். மாசானம் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"அது பாசி, ஓய். தையலை வச்சிட்டு ஒரு நாளாவது அருவிப் பக்கம் போயிப் பாரும்."

பாசி இல்லாத அருவி

சீசனுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் வறுவல் கடைக்கும் மங்குஸ்தான் கூடைக்கும் நடுவில் ஒரு தட்டி கட்டிக் கடை போட்டேன். இந்தத் தடவை வெள்ளைத் துணி தாராளமாக வாங்கி, ஐந்து அருவியும் பால் மாதிரி விழும்படி தைத்திருந்தேன். பச்சை மருந்துக்குக்கூடக் கிடையாது. கொஞ்சம் தள்ளி மாசானம் கடை. அங்கே போர்வைகள் பாசி பிடித்துத் தொங்கின.

தலையில் எண்ணெய் வழிய ஒரு மெட்ராஸ்காரர் வந்தார். அருவிக்குப் போகிற அவசரத்திலும் என் போர்வையை விரித்து நாலாவது அருவியில் எதையோ தேடினார். நான் மனம்விட்டுப் பேசினேன். ஐயா, இதுதான் முதலில் பிறந்தது, அங்கே தொங்குவதெல்லாம் இதைப் பார்த்துப் போட்டது, அந்தப் பச்சை நான் செய்த தப்பு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கள்ளச்சாராயம் விற்கிறவனைப் பார்க்கிற பார்வை அது. அந்தச் சீசன் முழுக்க இதே பேச்சுத்தான். கடைசியில் நானும் பச்சைத் துணி வாங்கி, என் தப்பையே மாசானத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கவேண்டியதாயிற்று. அந்த மெட்ராஸ்காரர் போகும்போது தன் கூட்டாளியிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"இது டூப்ளிகேட்டுப்பா, பச்சையே இல்ல பாரு. ஒரிஜினல் அந்தக் கடையில இருக்கு."

சட்டம் தெரிந்தவர்

இனி சட்டம்தான் கதி என்று முடிவு செய்தேன். என்னிடம் கறுப்புக் கோட்டு தைக்கிற வக்கீல் ஒருவர் உண்டு. காப்பிரைட்டுக்குப் புதுச் சட்டம் வந்திருப்பதாகப் பேப்பரில் படித்தேன், அது போர்வையைக் காக்குமா என்று கேட்டேன். அவர் ஆனந்தமாக விளக்கினார். புத்தகம் வேறு, படம் வேறு, சாமான்மேல் போடுகிற டிசைன் வேறாம். டிசைன் என்றால் கல்கத்தாவுக்கு எழுதிப் பதிவு செய்ய வேண்டுமாம். அதுவும் ஊரார் கண்ணில் படுவதற்கு முன்னால் செய்ய வேண்டுமாம். நானோ அதை வாசலில் தொங்கவிட்டு மழையில் நனையவிட்டு, குற்றாலம்வரை கொண்டுபோய்ப் பறக்கவிட்டாகிவிட்டது. "ஒருத்தருக்கும் காட்டாம எப்படி ஐயா விக்கது?" என்றேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்.

ஆனாலும் அடுத்தவன் மூளையில் பிறந்ததை எடுப்பது பெரும் பாவம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் ஒருவராவது என் பக்கம் பேசினாரே! காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு கோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். கழுத்துப்பட்டை ஒரு தினுசாக, புதுமாதிரி வெட்டு. எந்தத் தையல்காரன் எத்தனை நாள் யோசித்து வெட்டினானோ! வக்கீல் அதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மதுரையில நம்ம சீனியர் கோட்டு, இரவல் வாங்கியாந்தேன். ஒரு நூல் பிசகாம இதே மாதிரி அடிச்சுக் குடும்."

மாதிரிக்கு ஒன்று

எல்லாவற்றையும்விட என்னை வீழ்த்தியது லாட்ஜ் ஆர்டர். பேரருவிக்குப் போகிற பாதையில் ஒரு பெரிய லாட்ஜ். அதன் மானேஜர் ஒரு நாள் என் கடைக்கே வந்து, எல்லா ரூமுக்கும் ஐந்தருவிப் போர்வை போடலாம் என்று யோசனை, முதலாளியிடம் காட்ட மாதிரிக்கு ஒன்று வேண்டும் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரூமுக்கு ரூம் என் போர்வை! எங்கெங்கிருந்தோ வருகிற ஜனங்கள் அதைப் போர்த்திக்கொண்டு, 'யார் டிசைன் இது?' என்று கேட்பார்கள். மானேஜர், 'தென்காசிச் சுடலைமுத்து' என்று சொல்லியே ஆகவேண்டும். துணி தேர்ந்து தேர்ந்து எடுத்து, தையலை எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கி, அதுவரை தைத்ததிலேயே அருமையான ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, பதில் இல்லை. ஒரு காலையில் எதிர்க்கடையில் கருநீலத் துணி பீஸ் பீஸாக வந்து இறங்கியது. மாசானம் கூலிக்கு ஆள் வைத்துத் தைத்தான். மேஜைமேல் மாதிரியாக விரித்து வைத்திருந்தது என் போர்வை! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடலாம். இது கோபம் இல்லை, துக்கம். பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் வேலைக்கு நிற்பதைப் பார்த்ததுபோல இருந்தது. வெட்கத்தை விட்டு லாட்ஜுக்குப் போய் மானேஜரிடம் கேட்டேன். டிசைன் என்னுடையது என்று ஒரு தடவை இல்லை, வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி பல தடவை சொன்னேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"உம்ம மாதிரிப் போர்வை அவ்வளவு நல்லா இருந்துச்சுவே. அதனாலதான் அதையே குடுத்து அவர்ட்ட தைக்கச் சொன்னோம்."

ஊர் கூடிச் சொன்னது

அந்த வருஷம் சாரல் வெளுத்து வாங்கியது. குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்தினார்கள். மாசானம் வாங்கிப் போட்ட கருநீலம் மட்டச் சாயம். துவைக்காமலே தைத்துவிட்டான். மெத்தை விரிப்பு நீலம், தலையணை நீலம், மதுரையிலிருந்து வந்த ஜவுளி முதலாளியின் முதுகு நீலம். தையலும் தூரத் தையல், இழுத்த இழுப்பில் அருவி அருவியாகக் கழன்று வந்தது. ஒரு மத்தியானம் குதிரைவண்டியில் போர்வை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மானேஜர் கடைத்தெருவுக்கு வந்தார். எனக்கா சந்தோஷம் பிடிபடவில்லை. வேடிக்கை பார்க்க மிஷினைவிட்டு எழுந்து வாசலில் நின்றேன். நின்றிருக்கக் கூடாது.

மாசானம் பதறவே இல்லை. தெருவே கேட்கும்படி, "நான் வெறும் தையக்கூலி. டிசைன் அந்தா நிக்காருல்லா, சுடலைமுத்து அண்ணாச்சி, அவருக்குள்ளது. எனக்கு என்ன தெரியும்?" என்றான். என்னைவிட நாலு மாதம் மூத்தவன், அன்றைக்குத்தான் முதல்முதலாக என்னை அண்ணாச்சி என்றான். இலஞ்சி அம்மாள் அங்கேதான் நின்றார். "ஆமா, அண்ணாச்சி டிசைன்தான், என்கிட்டயே சொன்னாகளே" என்று சாட்சி சொன்னார். கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வக்கீல்கூட நின்று தலையாட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் மூட்டை முழுவதும் என் கடை வாசலில் இறங்கிவிட்டது. தைத்தது நான் இல்லை, துணி வாங்கியது நான் இல்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். மானேஜர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அத்தனை பேருக்கு முன்னால என் டிசைன், என் டிசைன்னு நீருதானவே சொன்னீரு? உம்ம டிசைன் பிரிஞ்சு கிடக்கு, வந்து சேத்துக் குடும்."

டிசைனுக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று வக்கீல் முதல் வண்டிக்காரன் வரை அத்தனை பேர் வாயாலும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது, பிரிந்த தையலை உட்கார்ந்து மறுபடி போடுகிறவனாக.