தொண்டைக்குத் தேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. பேசவும் பழக்கமில்லை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். யாராவது முகத்தைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். பாட மட்டும் வரும், அதுவும் யாரும் பார்க்காத இடத்தில். ராஜபாளையத்தில் எங்கள் வேதக்கோயிலில் பெண்கள் பக்கம் ஒரு தூண் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயா முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பார். தூணுக்குப் பின்னால் இருந்து நான் வாங்கிப் பாடுவேன். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சு அரைக்கும் ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை அவருக்கு.

பாட்டு வெளியே போனதற்குக் காரணம் என் தாய்மாமா. மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆர்மோனியம் ரிப்பேர் பார்ப்பவர். அங்கே ஒரு கல்யாணத்தில் நான் பாடியதைக் கிராமபோன் கடைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, "இந்தக் குரலைப் பிளேட்டுல பிடிக்கணும்" என்று மாமாவைத் தொந்தரவு செய்தார். மாமா என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். ஒரு தாலாட்டுப் பாட்டு. சுவரைப் பார்த்துப் பாடலாம் என்றார்கள், பாடிவிட்டேன்.

அந்தப் பிளேட்டு எங்கள் ஊர்க் காப்பி கிளப்பு வரைக்கும் வந்தது. ஐயா ஃபேக்டரி விட்டு வருகிற வழியில் இருந்தது அந்தக் கிளப்பு. முதல் நாள் நின்று கேட்டாராம். மறுநாளிலிருந்து கண்மாய்க் கரை வழியாகச் சுற்றி வந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"ஆண்டவருக்குப் பாடுன வாயி. டீ குடிக்கிறவனுக்குப் பாட்டுக் கேக்குதா? அதை விட்டுட்டு வா, பேசுதேன்."

மாமா மல்லுக்கு நின்றார். "மச்சான், பிள்ளை தாலாட்டுத்தானே பாடியிருக்கா?"

"யாரு பிள்ளைக்குத் தாலாட்டு? இவளுக்குக் கல்யாணமே ஆகலையேடா!"

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விடமாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. மறுவாரம் மாமாவோடு பஸ் ஏறினேன்.

பிறகு நாடகம், பிறகு பேசும்படம். ஊரில் பெரிதாகச் சொல்வார்கள், அவ்வளவு பெரிதில்லை. படத்தில் கதாநாயகிக்குத் தோழியாக வந்து இரண்டு பாட்டுப் பாடினேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வார். "அம்மா, காமிராவைப் பாரும்மா, அது கடிக்காது!" படம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொட்டகைக்கு வந்தபோது, மாமா வீட்டுக்குப் போவதாக ஐயாவிடம் சொல்லிவிட்டு அம்மா போய்ப் பார்த்தாள். அப்புறம் மாமா வீட்டில் என்னைப் பார்த்தபோது கேட்டாள்:

"ஏட்டி, படத்துலயும் தூணுக்குப் பின்னாடியேதான் நிப்பியா?"

அதற்கு மேல் யாரும் படத்துக்குக் கூப்பிடவில்லை. திருச்சியில் ரேடியோ நாடகத்துக்குப் பெண் குரல் வேண்டுமென்று சொன்னார்கள். அதுதான் எனக்கென்றே செய்து வைத்த வேலை. மைக்குக்குக் கண் கிடையாது. கிறிஸ்தவப் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு போய் வந்தேன். பதினாறு வயதுப் பெண்ணாகவும் பேசுவேன், பல் போன கிழவியாகவும் பேசுவேன். பேச வராதவள் என்று யார் சொன்னார்கள் என்று எனக்கே தோன்றும்.

அப்போது யுத்த காலம். என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். ஒருநாள் மாமா வந்து சொன்னார்: "உங்கய்யா சாயங்காலம் ஆனா பார்க்குக்குப் போயி ரேடியோக் குழாய்க்கு அடியிலதான் உக்காந்திருக்காரு. யுத்தச் செய்தி முடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்காரு."

செய்திக்கு முன்னால்தான் எங்கள் நாடகம். ஐயா காதில் என் குரல் விழப்போகிறது.

அடுத்த நாடகம், பட்டாளத்துக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கிற கிழவியின் கதை. கிழவி நான்தான். நடுவில் கிழவிக்கு ஒரு பாட்டும் இருந்தது. நான் யோசித்தேன். பாட்டை விட்டுட்டு வா, பேசுதேன் என்றுதானே ஐயா சொன்னார்? நாடகம் நடத்துகிறவரிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பாட்டு வேண்டாம் சார், பேச மட்டும் செய்யுதேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாட்டுக்காகத்தானே கிழவி வேஷத்துக்கு என்னை எடுத்தது! கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதாக மாற்றி, புதிதாக வந்த ஒரு பெண்ணைப் பாட வைத்தார். அவள் குரல் கொஞ்சம் கம்மல். பயம் வேறு.

"நாளைக்கு நம்ம பிள்ளை ரேடியோவுல வாரா, கேளுங்க மச்சான்" என்று மாமா முதல் நாளே ஐயாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கு நான் பேசியது போல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. தம்பியை நினைத்துப் பேசினேன். ஐயாவை நினைத்துப் பேசினேன். முடிந்ததும் வேஷம் சொல்லாமல் பெயர்களை மட்டும் வாசித்தார்கள், என் பெயர்தான் முதலில். ஐயா கேட்டிருப்பார், கேட்டிருப்பார் என்று விடுதிக்கு நடந்தே வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மாமா வந்தார். கையில் ஒரு பாட்டில், வாயில் துணி கட்டியிருந்தது.

"தொண்டைக்கு என்னட்டி?"

"ஒண்ணுமில்லையே மாமா."

"உங்கய்யா கூமாப்பட்டிக்கு ஆள் அனுப்பி மலைத்தேன் வாங்கியிருக்காரு. தினம் காலையில வெந்நீர்ல விட்டுக் குடிக்கச் சொன்னாரு. நாடகத்துல பாட்டைக் கேட்டாராம். 'எம்புட்டு நல்ல குரல், இப்படிக் கம்மிப் போச்சே'ன்னு உங்கம்மாகிட்ட ஒரே அழுகை."

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. மகள் பாடுவாள் என்றுதான் ஐயாவுக்குத் தெரியும். ரேடியோவில் ஒரு பெண் பாடினாள், அதுதான் மகள் என்று எடுத்துக்கொண்டார். கிழவியைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னாரே. 'யாரு பெத்த பொம்பளையோ, பட்டாளத்துக்குப் பிள்ளைய அனுப்புனவளாத்தான் இருக்கணும்'னாரு."

பாடினது நானில்லை என்று மாமாவிடம் சொல்லவில்லை. ஐயா முன்னால் பாடிக் காட்டினால் போதும், தானே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். ஐயா வாசலுக்கே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாம்மா" என்றார். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு வார்த்தை.

சாயங்காலம் வீட்டு ஜெபம். பாய் விரித்து உட்கார்ந்தோம். ஐயா பாட்டை எடுத்தார். நான் வாங்கிப் பாட வாயைத் திறந்தேன். ஐயா சட்டென்று கையை உயர்த்தினார்.

"வேண்டாம்மா. தொண்டைய வருத்தாதே. நீ கேட்டுக்கிட்டு இரு, நாங்க பாடுதோம்."

அவரும் அம்மாவும் பாடினார்கள். முடிந்ததும் ஐயா கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, குரலை எடுத்துக்கிட்டு பிள்ளையத் திருப்பிக் குடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்றார். அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பது? அடுத்தடுத்து ஊருக்குப் போனபோதும் ஐயா பாட விடவில்லை. கிளம்பும்போதெல்லாம் தேன் பாட்டில் தயாராக இருக்கும்.

யுத்தம் முடிந்து தம்பி உயிரோடு வந்துசேர்ந்தான். ஐயா அவனைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கல்லறைத் தோட்டத்தில் பாட்டு எடுக்க ஆளில்லை. அவர்தானே எடுப்பார்? மறைந்து நிற்க அங்கே தூணும் இல்லை. நான் எடுத்தேன். முழுப்பாட்டையும் பாடினேன்.

முடிந்ததும் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மலைத்தேன் வேலை செஞ்சிருக்கு, பாத்தியாட்டி? மச்சானுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கலை."

"ஆமா மாமா" என்றேன்.